லைப்ரரிக்குள் போன இன்டரப்ட் எங்கே?

கேள்வி: போர்வெல் மோட்டாருக்கு எஸ்டிஎம்32 புளூ பில் என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஒரு கன்ட்ரோலர் செய்கிறேன். குழாயில் தண்ணீர் ஓடினால் ஃப்ளோ சென்சார் பல்ஸ் அனுப்பும், பல்ஸ் நின்றால் மோட்டாரை நிறுத்த வேண்டும். எல்லா சி ஃபைலும் ஒன்றாக இருந்தவரை நன்றாக ஓடியது. சென்சார் பகுதியை மட்டும் தனி லைப்ரரியாக்கி லிங்க் செய்தேன். எரர் இல்லை, வார்னிங்கூட இல்லை, ஆனால் முதல் பல்ஸ் வந்ததுமே போர்டு உறைந்துவிடுகிறது. சென்சாரை மாற்றியும் பார்த்துவிட்டேன்.
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இன்னொரு சென்சார் வாங்காதீர்கள். இன்டரப்ட் ஹேண்ட்லரை, அதாவது பல்ஸ் வந்ததும் ப்ராசஸர் ஓட்ட வேண்டிய ஃபங்ஷனை, தனி சி ஃபைலில் எழுதியிருப்பீர்கள், அந்த ஃபைல் போர்டில் ஏற்றும் பைனரியில் சேரவே இல்லை.

டாட் ஏ லைப்ரரி என்பது ஏஆர் என்கிற கருவி ஆப்ஜெக்ட் ஃபைல்களை (கம்பைல் ஆன சி ஃபைல்களை) அடுக்கிக் கட்டிய மூட்டை, அவ்வளவுதான். நேரடியாகக் கொடுத்த ஆப்ஜெக்ட் ஃபைலை, எல்லாவற்றையும் ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்கர் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும். மூட்டை என்றால் மட்டும் மளிகைச் சீட்டோடு கடைக்குப் போன ஆள் மாதிரி, அதுவரை சேர்ந்த கோடில் எந்தப் பெயர் கிடைக்காமல் நிற்கிறதோ அது இருக்கிற ஃபைலை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். இப்போது போர்டு எழுந்ததும் முதலில் ஓடும் உங்கள் ஸ்டார்ட்டப் ஃபைலைத் திறந்து பாருங்கள்: இன்டரப்ட் பெயர்களையெல்லாம் 'வீக்' (வேறு ஆள் வந்தால் விட்டுக்கொடுக்கும்) என்று குறித்து டிஃபால்ட் ஹேண்ட்லரோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள், அந்த டிஃபால்ட் ஹேண்ட்லர் வெறும் முடிவில்லாத லூப். வீக்கோ என்னவோ, பெயருக்கு ஒரு ஆள் இருக்கிறதே என்று லிங்கர் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதுவதே இல்லை. உங்கள் ஹேண்ட்லர் மூட்டைக்குள்ளேயே கிடக்கிறது, பல்ஸ் வந்ததும் ப்ராசஸர் அந்த லூப்பில் போய் மாட்டிக்கொள்கிறது. எரர் வராததற்கும் இதுதான் காரணம், லிங்கருக்கு இதில் குறையே இல்லையே.

நம்பிக்கை வராவிட்டால் லிங்கர் தந்த எல்ஃப் ஃபைல் மேல், உள்ளே இருக்கிற பெயர்களைக் காட்டும் என்எம் கருவியை ஓட்டிப் பாருங்கள். ஹேண்ட்லர் பெயருக்குப் பக்கத்தில் டி (T) என்று வந்தால் உங்களுடையது சேர்ந்திருக்கிறது, டபிள்யூ (W) என்றால் ஸ்டார்ட்டப் ஃபைலில் இருக்கிற பொம்மை. (இதே வம்பில் நான் இரண்டு ராத்திரி மாட்டி, புல்-அப் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிச் சாலிடர் வைத்தேன். என்எம் ஓட்டியது மூன்றாம் நாள்தான்.)

லிங்க் கட்டளையில் லைப்ரரிக்கு முன்னால் 'ஹோல் ஆர்க்கைவ்' ஆப்ஷனைப் போட்டால் மூட்டை முழுவதும் உள்ளே வரும், ஆனால் பின்னால் மறக்காமல் 'நோ ஹோல் ஆர்க்கைவ்' போடுங்கள், இல்லையென்றால் ஜிசிசி கம்பைலர் தானாகச் சேர்க்கும் லைப்ரரிகளும் முழுசாக வந்து இறங்கும். உங்கள் போர்டின் 64 கேபி ஃபிளாஷ் மெமரி அதைத் தாங்காது. என்னைக் கேட்டால் ஹேண்ட்லரை லைப்ரரியில் வைக்கவே வேண்டாம். சென்சார் எந்தப் பின்னில் இருக்கிறது என்பது அந்தந்த ப்ராஜெக்டின் கவலை. ஹேண்ட்லரை மெயின் ஃபைலுக்குக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்து லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், போதும்.

கேள்வி: லைப்ரரி இருக்கும் இடம், பெயர் எல்லாம் சரியாகக் கொடுத்தும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (கூப்பிட்ட பெயர் கிடைக்கவில்லை) என்று எரர் வருகிறதே சார்?
- கல்லூரி மாணவி, வில்லியனூர், புதுச்சேரி

பதில்: கட்டளையில் லைப்ரரியை எங்கே போட்டீர்கள்? மேலே சொன்ன சீட்டுக் கதைதான், லிங்கர் இடமிருந்து வலமாக ஒரே நடைதான் நடக்கும். லைப்ரரி முதலில் வந்தால் அந்த நேரத்தில் சீட்டில் ஒன்றுமே இருக்காது, வெறுங்கையோடு தாண்டிப் போய்விடும். ஆப்ஜெக்ட் ஃபைல்கள் முன்னால், லைப்ரரி பின்னால். இரண்டு லைப்ரரி ஒன்றையொன்று கூப்பிட்டால் 'ஸ்டார்ட் குரூப்', 'எண்ட் குரூப்' நடுவில் வையுங்கள்.

அதற்கும் சரியாகவில்லையா, எரரில் ஃபங்ஷன் பெயரை உற்றுப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி இருந்தால் சி++ கோடிலிருந்து கூப்பிடுகிறீர்கள், லைப்ரரியோ சியில் கம்பைல் ஆனது. ஹெட்டரில் 'எக்ஸ்டர்ன் சி' (பெயரை சி பாணியிலேயே தேடு என்கிற குறிப்பு) போட மறந்திருப்பீர்கள். ஆர்டுயினோ ஸ்கெட்ச்சும் சி++ தான், அங்கேயும் இதே கதை.

கேள்வி: நண்பர் எஸ்டிஎம்32 எஃப்4 போர்டுக்குக் கட்டிய லைப்ரரி என் எஃப்103 (புளூ பில்) போர்டில் லிங்க் ஆகுமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: லிங்க் ஆனாலும் நம்ப முடியாது. அவருடையது கார்டெக்ஸ் எம்4 ப்ராசஸர், தசமக் கணக்குப் போடும் ஃப்ளோட்டிங் பாயின்ட் யூனிட் உள்ளது, உங்களுடைய எம்3-இல் அது கிடையாது. அந்த யூனிட்டைப் பயன்படுத்தும் ஹார்ட் ஃப்ளோட் ஆப்ஷனில் கட்டியிருந்தால் லிங்கரே சண்டைக்கு வரும். சோர்ஸை வாங்கி உங்கள் சிப்புக்கான ஆப்ஷனோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள், பத்து நிமிட வேலை.