வீட்டுத் தோட்டத்தில் வசந்தகாலக் கிழங்குப் பூக்களை வளர்த்து ரசிக்க என்ன செய்ய வேண்டும்? ரொறன்ரோவில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறோம்.

நானும் இதே பக்கம்தான், ஸ்காபரோ. முதலில் ஒரு வேண்டுகோள்: டியூலிப்பை மட்டும் வாங்காதீர்கள்.

செப்டம்பரில் கடைக்குப் போனால் கண்ணில் படுவதெல்லாம் டியூலிப் கிழங்குப் பைகள்தான். ஆனால் அது மே மாதத்துப் பூ. மே வந்துவிட்டால் மக்னோலியா, லைலாக் என்று ஊரே பூத்துக் கிடக்கும். மனம் பூவுக்கு ஏங்குவது மார்ச்சில். வீதியோரத்தில் ஸ்னோ கறுத்துக் குவிந்திருக்கும்போதே ஸ்னோடிராப் தலை நீட்டும். அதன் பின்னால் குரோகஸ், ஏப்ரலில் நீலச் சில்லா, பிறகு டஃபோடில், டியூலிப், ஜூனை ஒட்டி ஊதா உருண்டையாக அல்லியம். இந்த வரிசையை மனதில் வைத்து வாங்கினால் மூன்று மாதம் ஒன்று மாற்றி ஒன்று பூக்கும். (சில்லா தானாகவே பரவிவிடும். காட்டோரம் வீடு என்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.)

முதலில் பூப்பவை எல்லாம் சாண் உயரமும் இல்லாத சின்னப் பூக்கள். பின்வளவின் கோடியில் நட்டால் அந்தக் குளிரில் யார் போய்ப் பார்ப்பது? நாங்கள் வாசற்படி ஓரத்திலும் குசினி யன்னலுக்கு நேரேயும் நட்டிருக்கிறோம். குரோகஸ் வெயில் பட்டால் விரியும், மேகம் மூடினால் கூம்பும். சூடு ஏறும்போது இதழின் உட்புறம் வேகமாக வளர்வதால்தான் அப்படி விரிகிறது. தேத்தண்ணியோடு யன்னலடியில் நிற்கும் அம்மா, "இஞ்ச ஓடி வா, திறக்குது" என்று கூப்பிடுவா. அவவுக்கு அதுதான் குளிர்காலம் முடிந்ததற்கு அடையாளம்.

நடுவது கஷ்டமே இல்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து மண் உறையும் வரை நடலாம். ஸ்னோடிராப் கிழங்கு சீக்கிரம் காய்ந்துவிடும், வாங்கிய கையோடு நட்டுவிடுங்கள். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே. டியூலிப்புக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம், அழுகிவிடும். வாங்கும் கிழங்கின் உள்ளேயே அடுத்த வசந்தத்துக்கான பூ கருவாக இருப்பதால் தோட்டப் பழக்கமே இல்லாதவருக்கும் முதல் வருடம் பூக்கும்.

அணில்களுக்கு டியூலிப், குரோகஸ் கிழங்கென்றால் உயிர். நட்டதும் உதிர்ந்த தோல்களைப் பொறுக்கிவிட்டு, மேலே கம்பிவலை விரித்து மண் போடுங்கள். டஃபோடிலை அவை தொடாது, அதில் நஞ்சு இருக்கிறது. அது நமக்கும் நஞ்சுதான். பார்க்க வெங்காயம் போலவே இருக்கும். ஆகவே குசினிக்குள் எந்தப் பூக்கிழங்கையும் வைக்காதீர்கள்.

பூ வாடியதும் இலையை வெட்டிவிட வேண்டாம். அடுத்த வருடப் பூவுக்கான உணவை அந்த இலைதான் கிழங்கில் சேர்க்கிறது. மஞ்சளாகிச் சாய ஆறு வாரம் எடுக்கும். பார்க்க அழகில்லைதான், பக்கத்தில் ஹொஸ்டா என்ற அகல இலைச் செடியை வைத்தால் அது வளர்ந்து மறைத்துவிடும். இவ்வளவு பார்த்தாலும் பெரிய பூ டியூலிப்புகளில் பல இரண்டாம் வருடம் மெலிந்துவிடும். நீடித்து நிற்பது வேண்டுமென்றால் டார்வின் கலப்பினம் என்ற டியூலிப் வகையோ, மத்திய ஆசிய மலைகளிலிருந்து வந்த குட்டைக் காட்டு வகைகளோ வாங்குங்கள்.

டியூலிப்பைக் கடலாகப் பார்க்க ஆசையென்றால் மே மாதம் ஒட்டாவா போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானா அங்கேதான் அடைக்கலம் இருந்தார், 1943இல் மகள் மார்கிரீத் பிறந்ததும் அங்கேதான். அந்த நன்றிக்கு 1945இல் நெதர்லாந்திலிருந்து ஒரு லட்சம் கிழங்குகள் வந்தன. இன்றைக்கும் வருடாவருடம் வருகின்றன.

ஊரில் இருக்கும் சொந்தங்களுக்குக் கிழங்கு அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். டியூலிப்புக்கு மூன்று மாதத்துக்குக் குறையாத குளிர் வேண்டும், யாழ்ப்பாணத்து மண்ணில் அதற்கு வழியில்லை. அங்கே மழை லில்லி வைக்கச் சொல்லுங்கள். அதுவும் கிழங்குதான், ஒரு நல்ல மழை பெய்தால் சில நாளில் பூத்துவிடும்.