டி.ஓ. படித்தால் டாக்டர் இல்லையா?

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், பயாலஜி மேஜர். ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 4-க்கு 3.6. சின்ன வயதிலிருந்தே டாக்டர் கனவு. கல்லூரி அட்வைசர் எம்.டி. பள்ளிகளோடு டி.ஓ. பள்ளிகளுக்கும் விண்ணப்பம் போடச் சொல்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணனோ, "அது என்ன, புத்தூர் கட்டு மாதிரியா? அதற்குக் கரீபியன் தீவுகளில் எம்.டி.யே சேர்த்துவிடலாமே" என்கிறார். டி.ஓ. முழு டாக்டர்தானா? இப்போதிருந்து என்ன செய்ய வேண்டும்?

பதில்: முழு டாக்டர்தான் அம்மா. டி.ஓ. என்றால் டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின். அமெரிக்காவில் எம்.டி. என்பது நம்மூர் போல மேற்படிப்பு அல்ல, டாக்டராவதற்கான முதல் பட்டம்; டி.ஓ.வும் அப்படித்தான். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் டி.ஓ. முடித்தவர் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், ஐ.சி.யு.வை நடத்தலாம். நான்கு வருடப் படிப்பு, அப்புறம் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு வருட ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் துறைப் பயிற்சி. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் டி.ஓ. பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். உங்கள் அண்ணனுக்கு ஒரு தகவல்: 2018 முதல் அடுத்தடுத்து அமெரிக்க அதிபர்களின் மருத்துவராகப் பொறுப்பேற்ற ஷான் கான்லி, கெவின் ஓ'கானர், ஷான் பார்பபெல்லா மூவருமே டி.ஓ.க்கள்.

அண்ணன் குழம்புவதிலும் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் கையால் உடம்பைப் பிடித்துச் சிகிச்சை செய்பவர். அங்கே அவர் மருத்துவர் அல்ல. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்தே வரும். அமெரிக்காவில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1864-ல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். பாதரச மருந்துகளும் ரத்தம் வடிப்பதும் வைத்தியமாக இருந்த காலம் அது. அந்த வைத்தியத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. எலும்பு, தசை, ரத்த ஓட்டம் இவற்றின் அமைப்பைச் சரிசெய்தால் உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று 1874-ல் அறிவித்து, 1892-ல் மிசௌரியின் கர்க்ஸ்வில் ஊரில் பள்ளி தொடங்கினார். பிற்பாடு அந்தப் பள்ளிகளே மருந்தியல், அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டன. எம்.டி. தரப்பு மட்டும் ரொம்ப காலம் அவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை.

1962-ல் கலிஃபோர்னியாவில் நடந்தது வேடிக்கை. இரு தரப்புச் சங்கங்களும் இணைந்தபோது, ஒரு சின்ன கருத்தரங்கும் 65 டாலர் கட்டணமும் போதும், டி.ஓ. எம்.டி. ஆகிவிடலாம் என்றார்கள். சுமார் 2,000 பேர் மாறினார்கள். 65 டாலரில் தீர்ந்துபோகிற வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அண்ணனிடமே கேளுங்கள். 1966-ல் ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக எடுத்துக்கொள்ள முடிவெடுத்தது. 1973-க்குள் எல்லா மாநிலங்களிலும் முழு உரிமம் வந்துவிட்டது.

சரி, படிப்பில் என்ன கூடுதல்? ஓ.எம்.எம். என்று சொல்கிற கைவழிச் சிகிச்சைப் பயிற்சி, சுமார் 200 மணி நேரம். மாணவர்கள் ஜோடி ஜோடியாக மேசையில் மாறி மாறிப் படுத்து, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் விரலால் தடவி, எது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லப் பழகுவார்கள். தொடக்கத்தில் ஒரு பயிற்சி உண்டு: ஒரு தலைமுடியைக் காகிதத்துக்கு அடியில் வைத்து விரல்நுனியால் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் மேலே இன்னொரு தாள், அப்புறம் இன்னொன்று. இடுப்புவலி போன்றவற்றுக்கு இந்தச் சிகிச்சையால் ஓரளவு பலன் உண்டு என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. மண்டையோட்டு எலும்புகளை மெல்ல அழுத்திச் செய்வதாகச் சொல்லும் வகைக்கு ஆதாரம் பலவீனம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலைக்குப் போன பின் பல டி.ஓ.க்கள் இதை அரிதாகவே தொடுகிறார்கள். ஆனால் நோயாளியின் உடம்பைத் தயக்கமில்லாமல் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவர்களிடம் நிலைத்துவிடுகிறது. எனக்கு அது சின்ன லாபமாகத் தெரியவில்லை.

உண்மையான வித்தியாசம் ரெசிடென்சியில் தெரியும். இரு தரப்புக்கும் தனித்தனியாக இருந்த பயிற்சி இடங்கள் 2020-ல் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன. டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இடம் பெறுகிறார்கள், எம்.டி.யினரைவிட ஒரு துளிதான் குறைவு. ஃபேமிலி மெடிசின், இன்டர்னல் மெடிசின், குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சை இவற்றில் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது. சரும மருத்துவம், நரம்பு அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் கஷ்டம், மறைத்துப் பயனில்லை. மகள் இப்போதே "நியூரோசர்ஜன்தான்" என்று பிடிவாதமாக இருந்தால், ஒரு வருடம் தள்ளிப்போனாலும் எம்.டி.க்கு முயல்வதே நல்லது. டி.ஓ. மாணவர்களுக்கு காம்லெக்ஸ் என்று தனி உரிமத் தேர்வு உண்டு. போட்டி அதிகமான துறைகளுக்குப் போகிறவர்களில் பலர் எம்.டி. மாணவர்களின் யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சேர்த்து எழுதுகிறார்கள். செலவும் இரண்டு, படிப்பும் இரண்டு.

கரீபியன் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளில் படித்துத் திரும்பும் அமெரிக்கக் குடிமக்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்குத்தான் ரெசிடென்சி கிடைக்கிறது. அதுவும் விண்ணப்பிக்கும் கட்டம் வரை தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு; நடுவில் கழன்றுபோனவர்கள் அதில் வரமாட்டார்கள். பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று போட்டுக்கொள்வதற்காக இந்த ஆபத்தை எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டி.ஓ. பள்ளிகளுக்குள்ளேயே தரம் எக்கச்சக்கமாக வேறுபடும். பெற்றோர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். முதல் இரண்டு வருடம் வகுப்பறை, பள்ளிக்குப் பள்ளி பெரிய மாற்றம் இராது. மூன்றாம் நான்காம் வருடம் மருத்துவமனையில், துறை துறையாக மாறிப் பழகும் ரொட்டேஷன்கள். பல டி.ஓ. பள்ளிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் வைத்துக்கொண்டு மாணவர்களை அனுப்பும். ஒரு மாணவி ஆறு வாரம் ஓர் ஊரில் சர்ஜரி, அடுத்த ஆறு வாரம் நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் மகப்பேறு என்று பெட்டியும் கையுமாக அலைவது உண்டு. சில இடங்களில் ரெசிடென்ட்கள் யாருமே இல்லாமல் ஒரே ஒரு டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்து கற்பதும் நடக்கிறது. அங்கே கைப்பழக்கம் நன்றாக வரும், ஆனால் ரெசிடென்சிக்குத் தேவையான பரிந்துரைக் கடிதங்கள் கிடைப்பது கஷ்டம். ஆகவே நேர்முகத்தில் மகள் கேட்க வேண்டியது: "முக்கிய ரொட்டேஷன்கள் எல்லாம் ஒரே ஊரிலா? இடத்தைப் பள்ளி ஏற்பாடு செய்யுமா, நானே தேட வேண்டுமா? அங்கே ரெசிடென்ட்கள் இருக்கிறார்களா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளலாம். முதல் பேட்ச்கூட இன்னும் வெளியே வராத புதுப் பள்ளி என்றால், கட்டடம் பளபளவென்று இருந்தாலும் பட்டியலில் கடைசியில் வையுங்கள்.

பணம். தனியார் டி.ஓ. பள்ளிகள் பலவற்றில் வருடக் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தொடுகிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, முழுச் செலவுக்கும் மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் இல்லை. மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலரோடு நின்றுவிடும். மிச்சத்துக்குத் தனியார் கடன் அல்லது உங்கள் சேமிப்பு. அதனால் அரசுப் பள்ளிகளின் மதிப்பு கூடிவிட்டது. உங்கள் மாநிலத்திலேயே ஸ்ட்ராட்ஃபோர்டில் ரோவன்-வெர்ச்சுவா என்ற அரசு டி.ஓ. பள்ளி இருக்கிறது, நியூ ஜெர்சிவாசிகளுக்குக் கட்டணம் குறைவு. முதலில் அதைப் பாருங்கள். மகள் இன்னும் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் அரசுக் கடன் கிடையாது, சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளும் குறைவு. விண்ணப்பத்துக்கு முன் ஒவ்வொரு பள்ளியையும் கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண் கணக்கில் அவள் மோசமில்லை. டி.ஓ. பள்ளியில் சேருகிறவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.6 அளவில்தான் இருக்கிறது, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வில் 504-ஐ ஒட்டி. எம்.டி.க்கு 3.8-ம் 511-க்கு மேலும். மூன்றாம் ஆண்டில் பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டு அந்த வசந்த காலத்தில் எம்கேட் எழுதினால் மே மாதம் திறக்கும் விண்ணப்பத்தில் முதல் அலையிலேயே சேர்ந்துவிடலாம். டெக்ஸஸின் அரசுப் பள்ளிகள் நீங்கலாக, எல்லா டி.ஓ. பள்ளிகளுக்கும் ஆகோமாஸ் என்ற ஒரே விண்ணப்பம். வர வர நிரப்பிக்கொண்டே போவார்கள், கடைசி தேதி வரை காத்திருக்க வேண்டாம். எம்கேட்டுக்குத் தயாராகவில்லை என்றால் பட்டம் முடித்து ஒரு வருடம் விட்டுப் போவதில் ஒரு குறையும் இல்லை.

இந்தக் கோடையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு டி.ஓ. டாக்டரோடு சில நாட்கள் கூடவே இருந்து வேலையைப் பார்க்க வேண்டும். பல பள்ளிகள் டி.ஓ. ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கின்றன அல்லது விரும்புகின்றன. ஒரு நாள் பழக்கத்தில் யாரும் கடிதம் தரமாட்டார்கள். உங்கள் குடும்ப டாக்டரின் பெயர்ப் பலகையைப் பாருங்கள், டி.ஓ.வாகவே இருக்கலாம். இல்லையென்றால் அருகிலுள்ள கிளினிக்குகளுக்கு மகள் நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்பட்டும். பத்துக்கு ஒன்றிரண்டு பதில் வந்தாலே போதும். அந்த மின்னஞ்சலை மட்டும் நீங்கள் எழுதித் தராதீர்கள். அம்மா எழுதியது எது, பிள்ளை எழுதியது எது என்று டாக்டர்களுக்கு நன்றாகவே தெரியும்.