பயிற்சி அட்டவணையும் போட்டி மேடையும்: பளு தூக்குதல் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: மாவட்டப் போட்டிக்காக 12 வாரப் பயிற்சித் திட்டமொன்றைப் பின்பற்றி வருகிறேன். பாரைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் எனது அதிகபட்சம் 70 கிலோ. சென்ற ஆண்டு ஒரே ஒரு முறை, இரண்டடி முன்னே ஓடிப் பிடித்து நிறுத்தினேன். இப்போது ஏழாம் வாரம். 85 சதவீத எடையைச் செட்டுக்கு இருமுறை தூக்கச் சொல்கிறது அட்டவணை. இரண்டாம் முறை பார் முன்பக்கமாகவே விழுகிறது. திட்டத்தை மாற்றிவிடலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: திட்டத்தை மாற்ற வேண்டாம், எந்த எண்ணை வைத்துச் சதவீதம் கணக்கிடுகிறீர்களோ அதை மாற்றுங்கள். ஓடிப் பிடித்த 70 கிலோ உங்கள் நினைவில் இருக்கட்டும், அட்டவணைக்கு அது ஆகாது. இன்றைய நிலையில் கால் நகராமல் எழுந்து நிற்க முடிகிற எடை 66 என்றால், அதில் 85 சதவீதம் 56 கிலோ. நீங்களோ 60 கிலோவோடு போராடுகிறீர்கள். செட்டுக்குச் செட்டு இந்த 4 கிலோ சேர்ந்துதான் உங்கள் இரண்டாம் தூக்கைக் கெடுக்கிறது. உங்கள் ஊர்க்காரரான சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்சில் 149, பாரைத் தோளுக்கு ஏற்றிப் பிறகு தலைக்கு மேல் தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்டில் 144, 173 என 317 கிலோவில் நின்று மறுபடியும் தங்கம் வென்றார். பழைய உச்சத்தைவிட 11 கிலோ குறைவு. அன்றைய உடலுக்கு ஏற்ற எடை அது.

பார் முன்னே விழுவதற்குப் பலம் குறைவு மட்டுமே காரணமாக இருக்காது. பக்கவாட்டில் கைப்பேசியை வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். முழங்காலைத் தாண்டியதும் பார் தொடையை விட்டு விலகுகிறதா, இடுப்பு நிமிர்வதற்கு முன்பே குதிகால் தரையை விட்டு எழுகிறதா என்று கவனியுங்கள். களைத்துப்போன இரண்டாம் தூக்கில் இவ்விரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம். அப்படியானால் ஓரிரு வாரங்களுக்கு முழங்கால் உயரத்தில் இரண்டு விநாடி பாரை நிறுத்தி, உள்ளங்கால் முழுவதும் தரையில் படிந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அதன்பின் இழுத்துப் பழகுங்கள். இதற்கு எடை குறைவாகத்தான் வைக்க வேண்டியிருக்கும். அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: போட்டிக்கு இன்னும் இரண்டு வாரமே உள்ளது. பயிற்சியாளர் செட்டுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பலம் போய்விடுமோ என்ற பயத்தில் மாலையில் தனியாக ஸ்குவாட் (பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது) செய்கிறேன். இது தவறா?
– வாசகி, சேலம்

பதில்: தவறுதான், இன்றே நிறுத்துங்கள். பல வாரங்களாகச் சேர்த்த பலம் பத்து நாளில் கரைந்துவிடாது. ஆனால் அந்தப் பலத்தை மூடியிருக்கும் களைப்பு இறங்குவதற்கு அந்தப் பத்து நாள் தேவைப்படுகிறது. குறைக்க வேண்டியது எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்பதையே தவிர, எடையை அடியோடு அல்ல. கனமான ஒற்றைத் தூக்குகள் சில கடைசி வாரம் வரை இருந்தால்தான் வேகமும் நேரக்கணக்கும் கைவிட்டுப் போகாமல் இருக்கும். உங்கள் பயிற்சியாளருக்குத் தெரியாமல் மாலையில் செய்வது அவருடைய கணக்கையே பொய்யாக்கிவிடும் என்பதால், நடந்ததை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முதல் முயற்சிக்கு எவ்வளவு எடை கேட்பது?
– வாசகர், மதுரை

பதில்: தூக்கம் கெட்ட நாளிலும் தவறாமல் தூக்குகிற எடையைக் கேளுங்கள். பயிற்சியில் எட்டிய அதிகபட்சத்தில் 90 முதல் 93 சதவீதம் பொதுவாகப் பொருந்தும். மேடையில் ஏற்றிய எடையைத் தவறவிட்டால் அடுத்த முயற்சிக்குக் குறைத்துக் கேட்க விதி இடம் தராது. ஸ்னாட்சிலோ கிளீன் அண்ட் ஜெர்க்கிலோ மூன்று முயற்சியும் வீணானால் மொத்தக் கணக்கே கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளையும் இழந்து மொத்தமே இல்லாமல் திரும்பினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க்கை அவர் தொடங்கியது 110 கிலோவில். அப்போது அவருடைய உலகச் சாதனையோ 119. அடுத்து 115 தூக்கி, ஸ்னாட்சின் 87 கிலோவோடு சேர்த்து 202 கிலோவில் வெள்ளியை உறுதி செய்தார். கடைசியாகக் கேட்ட 117 தவறியும் பதக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சாகசத்தை மூன்றாம் முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: போட்டியில் பாரின் இரு முனைகளிலும் மாட்டும் காலர்கள் தலா 2.5 கிலோ. ஆண்களுக்கான 20 கிலோ பார் அத்துடன் 25 கிலோவாகிறது. காலரைக் கணக்கில் சேர்க்காமல் வெறும் கம்பிப் பிடிப்பு மாட்டிப் பழகியவர்கள் இதை மனத்தில் வைத்து வார்ம் அப் எடைகளைத் திட்டமிட வேண்டும்.

கேள்வி: எடைப் பிரிவுக்கு மேல் ஒன்றரை கிலோ இருக்கிறேன், இது எனக்கு முதல் போட்டி. பட்டினி கிடக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். எடை பார்ப்பது போட்டி தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன் ஆரம்பித்து ஒரு மணி நேரம் நடக்கும். வற்றிய உடலைத் தேற்ற அந்த இடைவெளி போதாது. முதல் போட்டியில் அடுத்த பிரிவிலேயே பெயர் கொடுங்கள்.