லண்டன் போகும் அம்மாவுக்கு எந்த ஊசி?

கேள்வி: சுவாமிமலை எங்கள் ஊர். அக்காவின் பிரசவத்துக்காக அம்மா மூன்று மாதம் லண்டனில் தங்கப் போகிறார். வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் குப்பியிலிருந்து இன்சுலின் எடுத்து ஊசி போட்டுக்கொள்கிறார். சென்னையிலிருந்து துபாய் வழியாகப் பயணம். ஒரு மாத மருந்தை மட்டும் கொடுத்தனுப்பி, மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மூன்று மாதத்துக்கும் தேவையான இன்சுலின், சிரிஞ்சு இரண்டையும், அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கு உபரியாகவும் இங்கிருந்தே கொடுத்தனுப்புங்கள். இதில் நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், அம்மா கையில் வைத்திருக்கும் சிரிஞ்சின் மூடி நிறம்.

நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் குப்பி இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கென்றே கோடு போட்ட சிரிஞ்சு சிவப்பு மூடியோடு வரும். பிரிட்டனில் வழக்கத்தில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட்; அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அங்கே வாங்கிய மருந்தை நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை சட்டென்று தாழ்ந்து, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். மாறாக, நம் ஊர் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். மருந்து கெட்டுப்போய்விட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

பயணத்துக்கு இன்னும் ஒரு மாதமாவது இருந்தால், பேனா இன்சுலினுக்கு மாறலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். யூனிட் கணக்கைப் பேனாவிலேயே திருகி வைத்துவிடலாம் என்பதால் சிரிஞ்சுக் குழப்பமே இல்லை. ஆனால் இங்கேயே போட்டுப் பழகிய பிறகுதான் விமானம் ஏற வேண்டும்.

இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்கு அறையின் குளிரில் உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அந்த மருந்து பயன்படாது. சுவாமிமலையிலிருந்து சென்னை வரை காரில் வெயிலும் படக் கூடாது. குளிர்ப்பையில் வையுங்கள், பனிக்கட்டி குப்பியைத் தொடாதபடி துணி சுற்றுங்கள். மின்வெட்டு நாட்களில் ஈரமணல் போட்ட பானைக்குள் இன்சுலினைக் காப்பாற்றும் பாட்டிமார்களை நம் கிராமங்களில் பார்த்திருக்கிறேன். அந்த அக்கறை இருந்தால் போதும். மருந்தின் மூலப்பெயர், அளவு, நோய் விவரம் எழுதிய மருத்துவர் கடிதமும் அதே பையில் இருக்கட்டும்.

லண்டன் நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே கோடைக்காலமானால் நாலரை. ஆகவே பயண நாள் அவருக்கு நீண்டுவிடும். அன்று மட்டும் எத்தனை மணிக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் தனியாக எழுதி வாங்குங்கள். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே ஊசி. சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட, எட்டும் இடத்தில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். மணிக்கொருமுறை எழுந்து நடக்கவும் சொல்லுங்கள்.

அங்கே வாங்கும் குளுக்கோமீட்டர் வேறு அலகில் காட்டும். அதில் 10 என்றால் நம் கணக்கில் 180. 4 என்றால் 72. எட்டு, ஒன்பது என்று பார்த்துப் பதறி யாரும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டாம். நம் மீட்டரையும் அதற்கான பட்டைகளையும் கொண்டுபோவதே நல்லது.

குளிருக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கி, பாதம் வெந்து கொப்பளித்ததே தெரியாமல் இருந்த ஓர் அம்மாவுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுச் சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கிவிடும். கம்பளிக் காலுறை போதும். ஹீட்டரருகே கால் நீட்ட வேண்டாம். தினமும் இரவில் அக்கா ஒருமுறை அம்மாவின் பாதங்களைப் பார்க்கட்டும்.

பயணக் காப்பீட்டில் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன் மசாலாப் பொட்டலங்களையும் பிரித்துப் பாருங்கள். கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் துபாய் வழியே கொண்டுபோக வேண்டாம். மூட்டுவலிக்கு டிரமடால், இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்து என்று ஏதாவது இருந்தால், முன் அனுமதி இல்லாமல் அவையும் கூடாது.