வெளியே போ என்றால் சந்தோஷமாகப் போகிறான்

மதிப்பிற்குரிய ஐயா,

முக்கூடல் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், கடைசி பெஞ்ச். உரைநடைப் பாடத்தை எடுத்தாலே சேட்டை தொடங்கிவிடும். பெஞ்சில் தாளம் போடுவான், முன்னால் இருப்பவன் சட்டையில் மையைத் தெளிப்பான். எழுந்து வாசி என்றால் "தொண்ட கெட்டிட்டு டீச்சர்" என்பான், வகுப்பே சிரிக்கும். வெளியே போ என்றால் சந்தோஷமாக வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறான்.

இத்தனைக்கும் மக்கு இல்லை. மனப்பாடச் செய்யுளை ராகம் போட்டுச் சொல்வான். போர்டில் எழுதிப் போட்டால் முத்து முத்தாக நோட்டில் எழுதிவிடுவான். பி.டி. சாருக்கு அவன்தான் செல்லம்.

அப்பா கேரளாவில் வேலை, அம்மா இல்லை. பீடி சுற்றுகிற ஆச்சிதான் வளர்க்கிறார். வரச் சொன்னால் வந்து, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சில நாள் எனக்கும் கையை ஓங்கிவிடலாம் என்றுதான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

— ஒரு தமிழாசிரியை

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. செய்யுள் அவனுக்குக் காதால் கேட்டே வந்துவிடும். போர்டைப் பார்த்து எழுதுவது, எழுத்து தெரியாதவனுக்கும் கோலம் போடுகிற மாதிரி கைக்குப் பழகிவிடும். இரண்டுக்கும் வாசிக்க வேண்டியதில்லை. வாசிக்க வேண்டிய நேரத்தில்தான் சேட்டை வருகிறது. பையனுக்குச் சரியாக வாசிக்க வராது என்பது என் ஊகம்.

ஒன்பதாம் வகுப்பிலா என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, இப்போது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் சின்ன வகுப்பில் இருந்தார்கள். சின்ன வகுப்புகளைத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி, அதற்குள் அவர்கள் இரண்டு வகுப்பு மேலே போய்விட்டார்கள். எழுத்துக் கூட்டுவதை விட்டு ஓட்டமாக வாசிக்கப் பழகுகிற பருவம் அப்படியே போய்விட்டது. போனில் பாடம் நடந்தது என்பார்கள், ஆச்சி வீட்டில் ஏது அந்த போன்? எட்டாவது வரை எல்லோரும் பாஸ் என்பதால் யார் கண்ணிலும் படாமல் உங்கள் வகுப்பு வரை வந்துவிட்டான்.

பதினாலு வயதுப் பையனுக்கு, அதுவும் பொம்பளைப் பிள்ளைகள் முன்னால், வாசிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிடச் சேட்டைக்காரன் என்று பெயர் வாங்குவது கௌரவம். நீங்கள் வெளியே அனுப்புகிறீர்கள், அவன் தப்பித்துவிடுகிறான். அடித்தாலும் அதே கதைதான்: அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், வாசிக்க வேண்டியது இல்லை. பலிக்கிற வித்தையை யார் விடுவார்கள்?

முதலில் என் ஊகம் சரியா என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவன் அறியாத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். கொம்பு, கால் வருகிற இடத்தில் தடுமாறுகிறானா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறானா என்று கவனியுங்கள். சரளமாக வாசித்துவிட்டான் என்றால் நான் சொன்னதெல்லாம் தப்பு, திரும்ப எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.

தடுமாறினால், கொஞ்ச நாளைக்கு வகுப்பில் அவனைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு வாசிக்க வேண்டிய மூன்று வரியை இன்றைக்கே தனியாகக் கொடுத்து, இரண்டு தடவை கூட இருந்து வாசிக்கவிட்டு, மறுநாள் அந்த மூன்று வரிக்கு மட்டும் முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். முடியாத நாளில் "இன்னைக்கு வேண்டாம் டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னால் விட்டுவிடுவதாக அவனிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாகத் தப்பிக்க ஒரு வழி இருந்தால் தாளம் போட வேண்டிய அவசியம் இருக்காது. அப்படியும் சேட்டை செய்தால் தூரத்தில் நின்று சத்தம் போட வேண்டாம். பெஞ்ச் பக்கத்தில் போய் நின்று, தாழ்ந்த குரலில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். விசாரணையெல்லாம் மணி அடித்த பிறகு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெளியே அனுப்புவதை நிறுத்தியதும் சேட்டை முதலில் கூடும். இதுவரை பலித்தது திடீரென்று பலிக்காமல் போனால் இன்னும் பலமாக முட்டிப் பார்ப்பான். அந்த ஒன்றிரண்டு வாரத்தில் மனம் தளர்ந்து "போடா வெளியே" என்று சொல்லிவிட்டால், பலமாக முட்டினால்தான் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்வான். தலைமையாசிரியரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

ஆச்சியைப் பள்ளிக்கு வரவழைக்காதீர்கள். பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவர் வந்தால் அன்றைய கூலியில் அடி விழும், அந்தக் கோபம் ராத்திரி பையன் மேல்தான் இறங்கும். பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு பக்கத்து வீட்டு போனிலாவது பேசுங்கள். முதலில் அவன் கையெழுத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று மாதம் உழைத்தும் எழுத்து பிடிபடவில்லை என்றால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். அதற்கு இந்த வருஷமே அலைய வேண்டும், பத்தாவது போன பிறகு நேரம் போதாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒருத்தன் முப்பது பேர் முன்னால் தினமும் நம்மைச் சிரிப்பாக்கினால் யாருக்கும் படபடக்கத்தான் செய்யும். அதற்காக உங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்று ஆகாது. வேலையை விடுவதா என்ற முடிவை அரையாண்டுத் தேர்வு வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் தூக்கம் திரும்பாவிட்டால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.