கைகுலுக்க எத்தனை நொடி?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் 'யாகுசா 5' என்ற ஜப்பானிய வீடியோ கேமில் மூழ்கிக் கிடக்கிறாள். அதில் 'ஐடல்' எனப்படும் இளம் பாப் நட்சத்திரப் பாடகியாகப் போகும் பெண்ணுக்கு ஒரே சோதனைதான். புகழை இப்படியா பூதமாகக் காட்டுவது? கதை விறுவிறுப்புக்காக மிகைப்படுத்துகிறார்கள்தானே?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய், ஈரோடு

பதில்: மிகையா? எனக்கென்னவோ அடக்கி வாசித்ததாகத்தான் படுகிறது.

2012-ல் வந்த அந்த கேமில் ஐந்து முக்கியப் பாத்திரங்கள். அவர்களில் ஒருத்தி 16 வயது ஹருகா. ஒகினாவாவில் அநாதை இல்லம் நடத்தி அவளை வளர்த்த கிரியு ஒரு முன்னாள் யாகுசா, அதாவது ஜப்பானிய ரவுடிக் கும்பல்காரர். அது வெளியே தெரிந்தால் பெண்ணின் எதிர்காலம் போச்சு என்று அவரை விலகிப்போகச் சொல்கிறார் அவளை ஐடலாக்கும் ஒசாகா ஏஜென்சியின் முதலாளியம்மா. கிரியுவும் பெயரை மாற்றிக்கொண்டு ஃபுகுவோகாவில் டாக்சி ஓட்டப் போய்விடுகிறார். பாட வந்த பெண் வளர்த்தவரை ஏன் ஒளிக்க வேண்டும்? குரல் சுமாராக இருந்தால்கூட ஐடலை ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். காதலனையோ, கறை படிந்த குடும்பத்தையோ பொறுத்துக்கொள்வதில்லை. கடைசியில் அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் ஹருகாவே உண்மையைப் போட்டு உடைக்கிறாள். 2016-ல் வந்த 'யாகுசா 6' அதற்கான விலையைச் சொல்கிறது. ஊடகங்கள் விடாமல் துரத்த, தன்னால் அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்குத் தொல்லை வேண்டாம் என்று வீட்டைவிட்டே போய்விடுகிறாள். (மகளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், அடுத்த பாகத்தை அவள் இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டாள்.)

இப்போது நிஜத்துக்கு வாருங்கள். 2013 ஜனவரியில், ஏ.கே.பி.48 என்ற ஜப்பானிய ஐடல் குழுவின் மினாமி மினேகிஷி ஓர் இளைஞரின் வீட்டில் இரவு தங்கினார் என்று ஒரு வார இதழ் எழுதியது. 20 வயதுப் பெண். தலையை மொட்டையடித்துக்கொண்டு, வீடியோவில் அழுது மன்னிப்புக் கேட்டார். 2015-ல் டோக்கியோ நீதிமன்றம் ஒன்று, காதலிக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை மீறியதற்காக 17 வயது ஐடல் ஒருவர் 6,50,000 யென் கட்ட வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில் வேறொரு நீதிபதி, காதலிப்பது அவரவர் உரிமை என்று சொன்னார் என்பது ஆறுதல். இதையெல்லாம் எந்தக் கதாசிரியராவது கற்பனையாக எழுதியிருந்தால், 'ரொம்ப ஓவர்' என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

என் புகார் வேறு. இந்த கேம்கள் ஒரு கையால் குட்டிவிட்டு மறு கையால் கல்லாவை நீட்டுகின்றன. 'பெர்சோனா 4' (2008) கேமில் ரிசே என்ற ஐடல், டிவியில் தெரிவது தான் இல்லை என்று வெறுத்துப்போய், பாட்டியின் டோஃபு கடைக்கு வந்து சேருகிறாள். அருமையான பகுதி அது. 2015-ல் அதே ரிசேயை மேடையேற்றி ஒரு நடன கேம் வந்தது. ஆடைகளுக்குத் தனிக் காசு! மேடைக்குத் திரும்புவது அவளே எடுத்த முடிவு என்றுதான் கதை. சரி, இருக்கட்டும்.

ஹருகாவின் கதையிலும் ரசிகர்களோடு கைகுலுக்கும் ஒரு குட்டி விளையாட்டு உண்டு. நிஜத்தில் இது பெரிய வியாபாரம். சிடியோடு ஒரு டிக்கெட் வரும், ஒரு டிக்கெட்டுக்குச் சில நொடிகள். கூடுதல் நொடி வேண்டுமென்றால் அதே சிடியை இன்னும் பத்து வாங்க வேண்டும். அப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் டிக்கெட்டோடு கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட முடிந்தது. 2014 மே மாதம் இவாத்தே மாகாணத்தின் தகிசாவாவில் அப்படித்தான் ஒருவன் ரம்பத்தோடு வந்தான். ஏ.கே.பி.48 பெண்கள் இருவரும் ஓர் ஊழியரும் காயமடைந்தார்கள்.

கேமில் அந்த வரிசையில் நிற்கிறவர்களின் மனம் குளிரக் குளிரக் கைகுலுக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் விளையாடியிருக்கிறேன். ஒருவரைக்கூட முகம் சுளிக்க விடவில்லை.