இலக்கணம் வாசிக்கிற பிள்ளையை இன்ஜினீயரிங்கில் தள்ளாதீர்கள்

கரூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. மகள் அரசுப் பள்ளியில் கணிதம், கம்ப்யூட்டர் குரூப் எடுத்து ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பெண்ணின் தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். நான்கு வருடத்துக்கும் சேர்த்து 14 லட்சம் ஆகுமாம், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். பெண்ணோ மொழியியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "எந்நேரமும் போனில் நாம் கேள்விப்படாத ஏதோ ஒரு மொழியின் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். நோட்டு முழுக்க வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டி எழுதுகிறாள். பார்த்தால் பயமாக இருக்கிறது" என்று எழுதி, நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்தும் அனுப்பியிருக்கிறார்.

அம்மா, உங்கள் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குப் பயம் அந்த 14 லட்சத்தை நினைத்துத்தான். பட்டறைக் கூலியில் ஓடுகிற குடும்பம், குடியிருக்கும் வீட்டை அடகு வைத்து, பிள்ளை கேட்காத படிப்பை வாங்கித் தருவதை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன். மாமா பாசத்தில் சொல்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டி கட்டப்போவது உங்கள் வீடு. நான்கு வருடம் வகுப்பில் உட்காரப்போவது அவள். இன்ஜினீயரிங், மருத்துவம் பற்றியெல்லாம் சொல்ல உங்கள் சொந்தத்திலேயே ஆள் இருக்கிறார்கள். அவள் கேட்கிற படிப்பைப் பற்றிச் சொல்லத்தான் அங்கே ஒருவரும் இல்லை. அதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நோட்டுப் பக்கம். ‘அவர்கள் வந்துவிட்டார்களாம்’ என்று மேலே எழுதியிருக்கிறாள். அடுத்த வரியில் அதே வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே அதன் வேலையைக் குறித்திருக்கிறாள்: ‘விடு’ செயல் முடிந்துபோனதைக் காட்டுகிறது, ‘ட்’ இறந்தகாலம், ‘ஆர்கள்’ பலர், கடைசி ‘ஆம்’ பிறர் சொல்லக் கேட்டது. உலகம் முழுக்க மொழியியல் படிப்பவர்கள் வாக்கியத்தை இப்படித்தான் எழுதுகிறார்கள். பள்ளியில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. படித்த புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே தமிழுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

அவள் வாசிக்கிற புத்தக வகைக்கு ரெஃபரன்ஸ் கிராமர் என்று பெயர். விளக்க இலக்கணம் என்று சொல்லலாம். எது சரி, எது பிழை என்று சொல்ல வந்த புத்தகம் அல்ல. ஒரு மொழியை மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதை ஒலியிலிருந்து கதை வரைக்கும் பதிவு செய்வது. பேசுபவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தொடங்கி, ஒலிகள், சொல் வகைகள், பெயர், வினை, வாக்கியம், வாக்கியத்துக்குள் வாக்கியம் என்று போகும். பின்னால் பெரும்பாலும் அந்த மக்கள் சொன்ன கதைகளைப் பிரித்து எழுதிச் சேர்த்திருப்பார்கள்.

அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அதை வைத்தே ஓர் உதாரணம். பிரேசிலின் வடமேற்கில், அமேசான் பகுதியில் பேசப்படும் தரியானா மொழிக்கு அலெக்ஸாண்ட்ரா ஐகென்வால்ட் எழுதிய இலக்கணம் 2003இல் வந்தது. நமக்கு ‘ஆம்’ வேண்டுமானால் சேர்க்கலாம், விட்டாலும் வாக்கியம் நிற்கும். தரியானாவில் அப்படி விட முடியாது. ஒருவன் பந்து விளையாடினான் என்று சொல்ல வேண்டுமானால், கண்ணால் பார்த்தீர்களா, சத்தம் மட்டும் கேட்டீர்களா, தடயத்தை வைத்து ஊகித்தீர்களா, அவன் வழக்கம் தெரிந்து சொல்கிறீர்களா, இல்லை பிறர் சொன்னார்களா என்று ஐந்தில் ஒன்றை வினையோடு குறித்தாக வேண்டும். பொய் சொல்வது எவ்வளவு சிரமம் பாருங்கள்! இப்படி ஒரு மொழி இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒருவர் போய் அந்த மக்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதியதால்தான்.

நம் பக்கத்திலேயே நடந்த வேலையும் உண்டு. முர்ரே எமெனோ என்ற மொழியியலாளர் 1930களில் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதினார். தோடர் மொழியின் இலக்கணமும் கதைகளும் புத்தகமாக வந்தது 1984இல், அவருக்கு 80 வயதாகும்போது. அந்தமானில் கிரேட் அந்தமானீஸ் மொழியைச் சிலரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அன்விதா அப்பி என்ற மொழியியலாளர் போய் வேலை செய்தார். 2013இல் வந்த அவருடைய இலக்கணத்தில், உடலின் எந்தப் பகுதியோடு தொடர்பு என்பதைப் பொறுத்துச் சொல்லின் முன்னொட்டே மாறுவதைக் காட்டியிருக்கிறார். அதே ஆண்டு பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவர் பதிவு செய்தவர்களில் ஒருவரான போவா என்ற மூதாட்டி 2010இல் இறந்தபோது, கிரேட் அந்தமானீஸ் மொழிகளில் ஒன்றான போ மொழியைப் பேச இன்னொருவர் இல்லை. இந்த வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட முடியாது. அதனால்தான் இதற்கு நல்ல மூளை வர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

"இதையெல்லாம் யார் படிப்பார்கள்?" என்று மாமா கேட்பார். 2023இல் வெளியான கிராம்பேங்க் என்ற தரவுத்தளம் 2,400க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு இலக்கண அமைப்பு பற்றிய 195 கேள்விகளை வைத்துப் பதில் தேடியது. அந்தப் பதில்களில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் ஓர் இலக்கணத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக் குறித்தது. மனிதன் பேச்சு எந்தெந்த வகையில் அமையலாம், எது எங்குமே அமைவதில்லை என்ற ஆராய்ச்சிக்கு இந்தப் புத்தகங்கள்தான் அடித்தளம். அப்புறம், பேச்சை எழுத்தாக்குவது, மொழிபெயர்ப்பது போன்ற கம்ப்யூட்டர் வேலைகளிலும் சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் என்ற ஆய்வுக் குழு இந்திய மொழிகளுக்காகவே இயங்குகிறது. உங்கள் மகள் படித்த கணிதமும் கம்ப்யூட்டரும் வீணாகாது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல் மொழியும் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

வழி என்ன? முதுகலை மொழியியலில் சேரப் பொதுவாக ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். அதனால் இளங்கலைக்கு ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. கரூரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கணிதமோ, கம்ப்யூட்டர் சயின்ஸோ, ஆங்கிலமோ, அவளுக்குப் பிடித்த ஒன்றில் சேரட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், விசாரியுங்கள். பிறகு முதுகலை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை திராவிட மொழிகளின் இலக்கணங்களுக்கே பெயர் பெற்றது. கோவை பாரதியாரிலும், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும், டெல்லி ஜேஎன்யூவிலும் துறை உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு. முதுகலை முடிக்கும்போது, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடக்கும் நெட் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்குகிறது. பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளைப் பதிவு செய்ய அரசு 2013இல் தொடங்கிய திட்டம் அவர்கள் கையில்தான். அங்கும் வேலை உண்டு. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன்: திட்ட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். கல்லூரி ஆசிரியர் பணிக்குக் காத்திருக்க வேண்டி வரும். இருபத்திரண்டு வயதில் பெரிய சம்பளம் வேண்டும் என்றால் இந்த வழி சரிப்படாது. கடன் இல்லாத வீடுதான் அந்தக் காத்திருப்பைத் தாங்கும். அதனால்தான் செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் முதுகலை வாங்கித் தருகிறோம் என்று ஏஜென்ட் வருவார். வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் இதுவரை எழுதப்படாத ஒரு மொழியின் இலக்கணத்தையே முனைவர் பட்ட ஆய்வாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உதவித்தொகையோ சம்பளமோ தந்து அழைத்தால் போகலாம். நம் கைக்காசைப் போட்டுப் போகக் கூடாது. புத்தகத்துக்கும் செலவு செய்யாதீர்கள். அச்சில் வரும் பெரிய இலக்கணங்கள் பல ஆயிரம் ரூபாய் இருக்கும். பெர்லினில் இருக்கும் லாங்குவேஜ் சயின்ஸ் பிரஸ் தன் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. சீனாவின் சிச்சுவான் பகுதியில் பேசப்படும் ஜபுக் மொழிக்கு கீயோம் ஜாக் எழுதி 2021இல் வந்த இலக்கணம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். அதையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம்.

இனி அவளுக்கு ஒரு வார்த்தை. கண்ணு, ஆயிரம் பக்கத்தையும் முதலிலிருந்து படிக்காதே. பின்னாலிருந்து தொடங்கு. கடைசியில் கதை இருந்தால் அதில் பத்து வாக்கியத்தை எடு. பிரித்த வரியைப் பார்த்து, இந்த ஒட்டு என்ன செய்கிறது என்று நீயே ஊகி. அப்புறம் அந்த அத்தியாயத்தைத் திறந்து சரிபார். ஆசிரியர் சொன்ன விதிக்கு அவர் கொடுத்த உதாரணமே ஒத்துவராத இடம் கண்ணில் பட்டால் குறித்து வை. ஒரே கேள்வியை மூன்று மொழிகளின் இலக்கணத்தில் தேடிப் பார்.

இவ்வளவும் சொன்னாலும், விருப்பம் நிஜமா என்று சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். இந்த விடுமுறையில் அவளுக்குத் தெரிந்தவர்களில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ கன்னடமோ வீட்டில் பேசுகிற ஒரு பாட்டியிடம் அனுமதி கேட்டு, ஒரு கதையைப் போனில் பதிவு செய்யட்டும். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத உதவும் ஈலான் என்ற இலவச மென்பொருளில் போட்டு, வாக்கியம் வாக்கியமாக எழுதி, பிரித்து, அந்தப் பாட்டியிடமே திரும்பப் போய்ச் சந்தேகம் கேட்கட்டும். ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு முழு நாள் போய்விடும். கழுத்து வலிக்கும், சலிப்பாகவும் இருக்கும். அடுத்த நாள் காலையில் அவளாகவே மிச்சத்தைத் திறந்தால், சேர்க்கைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு வாரம் ஆகியும் திறக்கவே இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு படிப்பு பார்க்கலாம்.